மாற்றிச் சொன்ன முடிவு

இந்தச் சித்திரை விடுமுறைக்கு வந்த படங்களில் நான்கைப் பார்த்தேன். பார்த்தது நான். கேட்டது என் மனைவி. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அங்கே ஊரெல்லாம் தியேட்டர் இருக்கிறதாம், ஆனால் அவளுக்கு அந்த வீட்டின் சமையலறையும் பிள்ளைகளின் அறையும் துணி காயப்போடும் மொட்டைமாடியும்தான் ஊர். வெள்ளிக்கிழமை மதியம் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போது முகம் பார்த்துப் பேசுவோம். மற்ற நாட்களில் துணி மடிக்கும்போது கேட்பதற்கு, நான் பார்த்த படத்தைக் குரல் பதிவாக அனுப்பி வைப்பேன்.

படம் சொல்வது எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். மலையிலிருந்து ஒருவர் கண்டிக்கு இறங்கிப் படம் பார்த்துவிட்டு வந்தால், அடுத்த நாள் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிரையில் அந்தப் படம் நடந்தாக வேண்டும். கொழுந்து பறிக்கும் கைகள் நிற்காது. சொல்பவரும் பறித்துக்கொண்டேதான் சொல்வார். அதற்கு எழுதாத விதிகள் உண்டு. பாட்டை விட்டுவிடலாம், சண்டையைச் சுருக்கலாம், வில்லனுக்கு நம் கங்காணியின் குரலைக் கொடுக்கலாம். ஆனால் முடிவில் கை வைக்கக் கூடாது. நல்லதோ கெட்டதோ, திரையில் முடிந்த மாதிரியே நிரையிலும் முடிய வேண்டும். நம் அபிப்பிராயம் அதற்குப் பிறகுதான். என் மனைவி இந்த விதிகளோடு வளர்ந்தவள். நான் நடுவில் நிறுத்தி இயக்குநரைத் திட்ட ஆரம்பித்தால், "மொதல்ல கதையச் சொல்லி முடிங்க, அப்புறம் ஒங்க தீர்ப்ப எழுதுங்க" என்பாள்.

அவளிடம் நான் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். போன வருஷக் கடைசியில் பெய்த பெருமழையில், ஹுன்னஸ்கிரியவில் பாதைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டின் பின்சுவர் தரையிலிருந்து கூரை வரை வெடித்துவிட்டது. அவள் அனுப்பிய உழைப்பில் எழுந்த வீடு. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மேலே மண் நகர்ந்திருக்கிறது, குடியிருக்க வேண்டாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதை அலுமாரியில் அவளுடைய சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், வளர்கிறதா பாருங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். பாடசாலை அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்துப் பக்கத்தில் திகதியும் எழுதினாள். பின்னறையையும் சமையலறையையும் மூடிவிட்டு, சமையலும் படுக்கையும் முன்னறையில் என்று இருந்தோம்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மகளிடம் நான்தான் சொன்னேன். பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் முன்னறையின் பச்சைச் சுவரோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு பேசுவோம். அந்தச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "அப்பா, கொஞ்சம் இங்கிட்டு நகருங்க, கதவு தெரியுது" என்று மகள் மெதுவாகச் சொல்வாள். சினிமாவில் கமராவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. கமராவுக்கு உள்ளே நின்று சிரிக்கிறவருக்கு அது முதுகில் குளிர்கிற மாதிரி தெரிந்துகொண்டே இருக்கும்.

சரி, படங்கள்.

கோடைப் படங்கள் என்று சொல்வது இந்தியாவின் கோடையை. நமக்கு அது புத்தாண்டு விடுமுறை. காலையில் கண்டியில் தார் உருகுகிற வெயில், பிற்பகல் மூன்றுக்கு இடி, நாலுக்குக் கொட்டுகிற மழை. அதனால் நான் ஞாயிறு பத்தரைக் காட்சிக்குத்தான் போவேன். மழைக்கு முன் மகியங்கனை பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்பிவிட வேண்டும். பக்கத்துக் கதிரையில் எப்போதும் அலவத்துகொட நண்பர் இருப்பார். நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம்; அவர் பேச்சில் 'இருக்கு' 'ஈக்கி' ஆகும், 'சொல்ல' 'செல்ல' ஆகும், 'போய்' 'பெய்' ஆகும். பதினைந்து வருஷமாக ஞாயிறுகளில் ஒன்றாகப் படம் பார்க்கிறோம். ஒரு படத்தையாவது இரண்டு பேரும் ஒரே மாதிரி பார்த்ததில்லை.

முதலில் வந்தது பெரிய நடிகரின் படம். என்னைவிட மூத்தவர். தாடியில் நரையை விட்டுவைத்து, கீழிருந்து கமராவைத் தூக்கி, கோபுர தரிசனம்போல அவரைக் காட்டுகிறார்கள். இரண்டே முக்கால் மணி நேரத்தில் அவர் நடந்து வருகிற காட்சிகளை மட்டும் சேர்த்தால் கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு நடந்து போய்விடலாம். துப்பாக்கிகள் நிறைய. சுடப்பட்டவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அழ ஆளும் இல்லை. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முன்வரிசையில் சிங்களப் பையன்கள் எழுந்து ஆடினார்கள், தமிழ்ப் பையன்களும் ஆடினார்கள், யார் யார் என்று இருட்டில் தெரியவில்லை. அந்த ஐந்து நிமிஷத்துக்காக அந்தப் படத்தை மன்னிக்கலாம். அடுத்த ஐந்து நிமிஷத்துக்கு முடியாது.

மனைவிக்குச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப கதாநாயகி என்னா செஞ்சா?"

"ரெண்டு பாட்டுக்கு வந்தா. ஒருக்கா கடத்திட்டுப் போனாங்க."

"என்னய மாதிரித்தான். ரெண்டு பாட்டு முடியிறதுக்குள்ள பிளேன்ல ஏத்திட்டீங்க."

சிரித்தாள். நானும் பச்சைச் சுவரில் தலையைச் சாய்த்துச் சிரித்தேன்.

இரண்டாவது, பேய்ப் படம். இப்போதெல்லாம் பேய்கள் முதல் பாதியில் சிரிக்க வைக்கின்றன, இரண்டாம் பாதியில் முன்கதை சொல்கின்றன. முன்கதையில் எப்போதும் ஒரு வீட்டையோ நிலத்தையோ யாரோ பறித்திருப்பார்கள். சிரிப்பு வரவில்லை எனக்கு. பயமும் வரவில்லை. பேய்க்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் வந்தது. நண்பர் ரசித்துப் பார்த்தார். "பேயிக்கு ஈக்கிற நியாயம் மனுசருக்கு இல்லாமப் பெய்த்து மச்சான்" என்று இடைவேளையில் இறால் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார். "எங்கட கடத்தெருவுல ஒரு பேய் வந்தா நான் வாடகைக்கு எடம் குடுப்பேன்."

மூன்றாவது சின்னப் படம். ஓய்வுபெறும் நாளில் ஒரு பாடசாலை பஸ் சாரதி கடைசி முறையாக அந்தப் பாதையில் ஓட்டிப் போகிறார், அவ்வளவுதான். தியேட்டரில் பதினொரு பேர். இரண்டு பேர் குளிரூட்டிக்காக வந்து தூங்கினார்கள். இந்தச் சித்திரையின் நல்ல படம் அதுதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் கியர் மாற்றுகிற கையை மட்டும் காட்டினார்கள். நாற்பது வருஷம் அந்தக் கையில் இருந்தது. ஒரு வசனம் இல்லாமல் ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியும் என்று நம்புகிற இயக்குநர் இன்னும் இருக்கிறார் என்பதே எனக்கு ஒரு வாரத்துக்குப் போதுமாக இருந்தது. மனைவி கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாளாம். "ஒண்ணுமே நடக்கலியேங்க அதுல" என்றாள். நடக்காததுதான் படம் என்றேன். "அப்பிடின்னா என் குவைத்து வாழ்க்கையும் நல்ல படந்தான்" என்றாள். அதற்கு நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

நான்காவது மலைப் படம்.

கதை நடப்பது எங்கேயோ ஒரு மலைக் கிராமம். அப்பா லொறி ஓட்டுகிறவர். அம்மா, பாட்டி, பன்னிரண்டு வயதில் ஒரு மகள். மழை வருகிறது. அப்பா சமவெளியில் மாட்டிக்கொள்கிறார். மலை இறங்கிவிடுகிறது.

முதல் பாதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழை தொடங்கும் முன் வீட்டுக்காரர்கள் வாளி வைக்கிற இடங்களைப் பார்த்தே இது மலையில் வாழ்ந்தவர் எழுதிய படம் என்று தெரிந்தது. எங்கே ஒழுகும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். இரண்டாம் பாதியில் கணினியில் செய்த சேறு வருகிறது. உருகிய சொக்கலட் மாதிரி வழுவழுவென்று வருகிறது. நிஜமான மண் அப்படி வராது. மரத்தையும் கல்லையும் தகரத்தையும் சேர்த்து அரைத்துக்கொண்டு வரும். அதற்கு ஒரு வாடை உண்டு, கிழங்கு தோண்டிய குழியின் வாடை. அதைத் திரையில் கொண்டுவர முடியாது. முடியாததைச் செய்யப் போய், பத்து நிமிஷம் என்னைப் படத்திலிருந்து வெளியே தள்ளினார்கள்.

முடிவு என்னை மறுபடி உள்ளே இழுத்துப் போட்டது. மூன்று நாள் கழித்து அப்பா ஊருக்கு வந்து சேர்கிறார். அவர் வீடு இருந்த இடத்தில் மண் மட்டும். மண்வெட்டும் இயந்திரத்தின் சாரதி அவரிடம் எங்கே தோண்டுவது என்று கேட்கிறான். அவர் அழவில்லை. மண்மேல் நடந்து நடந்து காட்டுகிறார். இது வாசல், இது குசினி, இந்த மூலையில் பிள்ளை படுப்பாள், அங்கே மெதுவாகத் தோண்டுங்கள். அவ்வளவுதான். தோண்டியதைக் காட்டவில்லை. தியேட்டரில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

மற்றவர்கள் வெளியேறும் வரை உட்கார்ந்திருந்தேன். நல்ல முடிவு என்று மண்டை சொன்னது. உடம்பு வேறு எதையோ சொன்னது.

வெளியே வெயில். தேநீர்க் கடையில் நண்பர் பிளேன்டீக்குச் சொன்னார். நான் வழக்கம்போல ஓரமாக நின்று போனை வாய்க்கருகில் பிடித்துப் படம் சொல்ல ஆரம்பித்தேன். வாளிகளைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். லொறிக்காரர் திரும்பி வருவது வரைக்கும் ஒழுங்காக வந்தேன். அதற்கு மேல் என் வாய் தானாகவே போனது.

"மலை எறங்குது. ஆனா ஊர்ச் சனமெல்லாம் முன்னாடியே பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சு. வீடுதான் போச்சு. அப்பன்காரன் தேடித் தேடி வந்து பள்ளிக்கூடத்துல நிக்கிறான். மக ஓடி வந்து அவன் கழுத்தக் கட்டிக்கிறா. அம்புட்டுத்தான். முடிஞ்சிருச்சு."

அனுப்பிவிட்டுத் திரும்பினால், நண்பர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேற படத்தயா மச்சான் பாத்த?" என்றார். "டிரெக்டருக்கு மேல பெரிய டிரெக்டரா ஈக்கிறீங்களே."

"அவளுக்கு எதுக்கு அந்த முடிவு?"

"பேய்ப் படத்துல எத்தன பேர் செத்தாங்க, அதெல்லாம் ஒழுங்காச் செல்லினீங்க. இதுக்கு மட்டும் எதுக்கு?" அவர் முகத்தில் கேலி மெல்லக் கரைந்தது. "ஒங்கட ஊட்டுப் பக்கம் எப்படி? மழைக்குப் பொறகு நானும் கேக்கல்ல, நீங்களும் செல்லல்ல."

சொன்னேன். ஐந்து மாதத்தில் வெளியாள் ஒருவருக்குச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார்.

"செவரு உழுந்தா அதுக்கு நீங்க வசனம் எழுத ஏலாது மச்சான். எங்கட ஊட்டு மேல் மாடி சும்மாத்தான் ஈக்கி. மகன்மார் ரெண்டு பேரும் கொழும்புல. புள்ளயக் கூட்டிட்டு இன்டைக்கே வாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் யோசித்தேன். திகண தாண்டும்போது மழை தொடங்கியது. வேறு வீட்டுக்குப் போனால் வெள்ளிக்கிழமை பின்னால் வேறு சுவர் தெரியும். ஏன் என்று கேட்பாள். சொன்னால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வந்துவிடுவாள், அல்லது வர முடியாமல் அங்கே கிடந்து உருகுவாள். இந்தக் கணக்கை நான் பல மாதமாகப் போட்டு வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான், கண்ணாடியில் தண்ணீர் வழிய, அந்தக் கணக்கின் மறுபக்கத்தைப் பார்த்தேன். வீட்டை விட்டுப் போகாமல் இருப்பது வீட்டுக்காக இல்லை. சொன்ன பொய் வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காக மகளை அந்தச் சுவருக்கு ஒரு கதவு தள்ளிப் படுக்க வைத்திருக்கிறேன். தெரிந்தும் அந்த வாரம் போகவில்லை. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். தெரிந்த பிறகும் ஐந்து நாள் அங்கேயே இருந்தோம்.

வெள்ளிக்கிழமை அவள் கூப்பிட்டாள். எப்போதும் முதலில் கேட்கிற சாப்பிட்டீர்களா என்பதைக் கேட்கவில்லை.

"ஏங்க, அந்த மலைப் படத்துல அந்தப் புள்ள சாவுதாமே?"

நான் கதிரையைச் சுவரோரம் இன்னும் நெருக்கிப் போட்டேன்.

"பக்கத்து வீட்டுல திருநெல்வேலி அக்கா ஒண்ணு வேல செய்யுது. அந்த வீட்டம்மா கூட்டிட்டுப் போயி அது தியேட்டர்லயே பாத்திருச்சு. ரெண்டு நாளா அழுவுது. நாஞ் சிரிச்சேன். 'போக்கா, புள்ள பள்ளிக்கூடத்துல இருந்துச்சு, தப்பிச்சிருச்சு, எங்க வீட்டுக்காரரு சொன்னாரு'ன்னேன். அது என்னய ஒரு மாதிரியாப் பாத்துச்சு."

"நீ கவலப்படுவேன்னுதான்..."

"படத்துக்கா? அழறதுக்குத்தானே படமே கேக்குறேன். இங்க வேற எதுக்கு அழ விடுறாங்க?" மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவள் பக்கத்திலா என் பக்கத்திலா என்று தெரியவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து எனக்குப் படம் சொல்றீங்க. ஒரு முடிவையும் மாத்துனதில்ல. எப்பப் பாத்தாலும் அந்தப் பச்சச் சொவத்துக்கிட்டயே ஒக்காந்திருக்கீங்க. போனப் பாப்பாகிட்ட குடுங்க."

மகள் என்னைப் பார்த்தாள். நான் போனைக் கொடுத்தேன்.

"பாப்பா, சமையக்கட்டுக்குப் போ."

"அம்மா, அப்பா வந்து..."

"அப்பாவப் பாக்காத. என்னயப் பாத்துக்கிட்டே நட."

மகள் கதவைத் திறந்தாள். பல மாதமாக நான் திறக்காத அறையின் ஈர வாடை முன்னறைக்கு வந்தது. நான் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கிட்டக்க வை. இன்னும் மேல. கைய உள்ள வச்சுக் காட்டு."

காரை உதிர்கிற சத்தம் கேட்டது.

"இந்தக் கோடெல்லாம் என்னா?"

"நாந்தாம்மா போட்டேன். எவ்வளவு வளருதுன்னு."

"வாசி."

மகள் வாசித்தாள். கீழிருந்து மேலே, ஒவ்வொரு கோட்டின் திகதியையும் ஒவ்வொன்றாக. கார்த்திகையில் தொடங்கி, தைப்பொங்கல் தாண்டி, மாசி, பங்குனி, சித்திரை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிற குரல். பென்சில் கோடுகள் இருப்பது எனக்குத் தெரியும். எத்தனை என்று தெரியாது. நான் அந்த அறைக்குள் போவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது, அவள் மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். கடைசிக் கோடு முந்தாநாள் போட்டது.

"நீ எங்க படுக்குற?"

"முன்னறையில."

போன் என்னிடம் திரும்பி வந்தது. அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

"நாங் கட்டுன வீடுன்னு மறச்சீங்களா, நா வந்துருவேன்னு மறச்சீங்களா?"

இரண்டுமே என்பதுதான் உண்மை. ஐந்தாவது ஆண்டாகத் அவள் இல்லாமல் சமைத்து, அவள் இல்லாமல் படம் பார்த்து, அவள் குரலுக்கு என் குரலை அனுப்பி வாழ்கிறேன். அவள் வர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். இப்படி, இதற்காக, தோற்றுப்போய் வந்துவிடக் கூடாது என்றும் நினைத்தேன். இதையெல்லாம் ஒரு வாக்கியமாக்கத் தெரியவில்லை எனக்கு. ஊராருக்குக் கடிதமும் மனுவும் எழுதிப் பிழைக்கிறவன்தான்.

"இன்னைக்கே எறங்குங்க. மழைக்கு முன்னாடி."

நண்பருக்குப் போன் செய்தேன். "செல்லவே வாணாம், பாய் விரிச்சிட்டேன்" என்றார். மகள் புத்தகங்களையும் சீருடையையும் கட்டினாள். நான் அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். சேலைகளையும் எடுத்தேன். பஸ் ஏறினோம். தெல்தெனியவில் மகள் ஜன்னலைத் திறந்துவிட்டு, "நான் சொல்லியிருக்கணுமாப்பா?" என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றேன். அது போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வீடு இன்னும் நிற்கிறது. ஒருவேளை நின்றுகொண்டே இருக்கும். அதை வைத்து என்னை நியாயப்படுத்திக்கொள்ள முடியாது. மகள் இப்போது இரண்டு பஸ் ஏறி மலைக்குப் பாடசாலை போகிறாள். மனைவி ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. எப்போது வருவாள் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

வைகாசிக் கடைசியில் ஐந்தாவதாக ஒரு படம் பார்த்தேன். மோசமில்லை. வழக்கம்போலத் தேநீர்க் கடை ஓரத்தில் நின்று பாதி வரை சொல்லிப் பதிவு செய்தேன், பிறகு அழித்தேன். முந்தின வெள்ளிக்கிழமை அவள் சொல்லியிருந்தாள், கோபமில்லாமல், உடம்பு சரியில்லை என்பதைப்போல: "கொஞ்ச நாளைக்குப் படம் வேணாங்க. நீங்க சொல்றப்ப, இது இப்பிடித்தான் முடிஞ்சிச்சான்னு மனசு கேட்டுக்கிட்டே இருக்கு. கதைக்குள்ள போக முடியல." அதனால்தான் இந்தச் சித்திரைப் படங்களைப் பற்றிய என் அபிப்பிராயங்களை முதன்முறையாகத் தாளில் எழுதுகிறேன். மலைப் படத்தின் முடிவையும் உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது அலவத்துகொட மேல்மாடியிலிருந்து பேசுகிறோம். அழைப்பு வந்ததும் மகள் போனை வாங்கி அறையின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவாள். ஜன்னல் சுவர், அலுமாரிச் சுவர், கதவுச் சுவர், நான் உட்கார்ந்திருக்கும் சுவர். என்னிடம் வரும்போது நான் கதிரையோடு நகர்ந்து கொடுப்பேன், பின்னால் இருப்பது முழுதாகத் தெரியட்டும் என்று.  ஒவ்வொரு மூலையாக மனைவி பார்க்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

"கூரையையும் காட்டு பாப்பா" என்பாள். மகள் போனை மேலே தூக்குவாள்.

அதற்குப் பிறகுதான், சாப்பிட்டீர்களா என்று கேட்பாள்.